ஓரத்தில் நிற்பவர்கள்

"காய்ச்சல்ல கிடந்து எம்மவ கிளாடிஸ் ஈர்க்குச்சியாயிட்டா, அண்ணாச்சி. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கொழும்பு மாப்பிள்ளை சம்மதம் சொல்லணும்" என்றாள் பிளாரன்ஸ்.

உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன லென்ஸை ஸ்டுடியோக்காரர் இஞ்ஞாசி ஆசையாகத் துடைத்தார்.

"இது அகலமா பார்க்கிற லென்சு. நடுவில நிக்கிறவங்க உள்ளபடி விழுவாங்க. ஓரத்தில நிக்கிறவங்க பக்கவாட்டில இழுபட்டுப் பருமனா தெரிவாங்க. உருண்டைகூட முட்டையாயிரும். புள்ளைய ஓரத்தில நிறுத்தி எடுத்து, அந்த ஓரத்தை மட்டும் வெட்டித் தாரேன்."

கிளாடிஸை ஓரமாக நிறுத்தினார்.

"மாப்பிள்ளைக்கு ஏத்த உடம்பா தெரியணும். அவரு நெஞ்சைப் பாருங்க, கதவு மாதிரி" என்று பிளாரன்ஸ் ஒரு படத்தை நீட்டினாள்.

படத்தில் கால்பந்தை இடுக்கிக்கொண்டு நின்றார் மாப்பிள்ளை. இஞ்ஞாசி அதை வாங்கிப் பார்த்து, வெட்டியிருந்த ஓரத்தை விரலால் தடவினார்.

கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள். "அம்மா, பந்து ஏன் முட்டையா இருக்கு?"

பிளாரன்ஸ் படத்தைப் பார்த்தாள். பிறகு லென்ஸைப் பார்த்தாள்.

கிளாடிஸ் நடுவில் வந்து நின்றாள்.

"உள்ளபடியே எடுங்க, மாமா. அவரும் ஈர்க்குச்சிதான்."