முடிச்சாச்சு மாத்திரை

செய்யாத வேலையைச் செய்து முடித்த திருப்தியைத் தரும் மாத்திரை கடைக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் என்னைவிடச் சுறுசுறுப்பான ஆள் கிடையாது. காலையில் ஒன்று போட்டால் போதும், பால்கனிக்கு வெள்ளையடித்திருப்பேன். இன்னொன்று போட்டால் தொப்பையையும் குறைத்திருப்பேன்.

"என்னங்க, குழலிக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன்னீங்களே?" என்றாள் மங்கை.

"எப்பவோ கொடுத்தாச்சேம்மா!"

பொய் சொல்லவில்லை. பின்னால் ஓடி மூச்சிரைத்ததுகூட எனக்கு நினைவிருந்தது.

மங்கை சைக்கிளை உருட்டி வந்தாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை. குழலியின் ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. இப்போது அவளுக்கு ஒன்பது. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது.

"பரவால்லப்பா, நீங்க கத்துக்கொடுத்தது எனக்குத்தான் மறந்துபோச்சு போல" என்றாள் மகள். கிண்டல் மட்டும் அவளுக்கு என்னிடமிருந்து வந்த சொத்து.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒரே ஒரு மாத்திரை போட்டால் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் ஆகிவிடும். எடுக்காமல், எங்கள் அடுக்குமாடியின் நாற்பதாவது மாடியில் ஓடும் தெருவுக்கு அவளைச் சைக்கிளோடு கூட்டிப்போனேன்.

சீட்டைப் பிடித்தபடி பத்தடி ஓடுவதற்குள் நாக்கு வறண்டது. மனம் மாத்திரையைத் தேடியது. சட்டைப்பையில் இருந்த மாத்திரை டப்பாவின் மூடியை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் திருகினால்தான் திறக்கும்.

"அப்பா, பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்டா."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்தான்."