கடைசி நான்கு எண்கள்

மூன்று நாளாக மகனைக் காணோம் என்று புகார் கொடுக்க மங்களேஸ்வரி காவல் நிலையத்துக்கு வந்திருந்தாள். சாலையோரம் இரண்டு போலீஸ்காரர்கள் அவனுடைய மோட்டார் சைக்கிளை நிறுத்தியதை அங்கே சாப்பாடு விற்கும் ஒட்டுக்கடைக்காரர் பார்த்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ் கோப்ரல் தமிழர்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“அப்படி யாரையும் இங்க கொண்டு வரலம்மா. உங்க பையன நாங்க பார்த்ததே இல்ல. கூட்டாளிங்களோட எங்கயாச்சும் போயிருப்பான். ரிப்போட் போட்டுருவோம். ஐசி நம்பர் சொல்லுங்க.”

அடையாள அட்டையின் முதல் ஆறு எண்கள் மகன் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் சிலாங்கூரில் பிறந்த எல்லோருக்கும் உள்ளவை. எட்டையும் மளமளவென்று சொன்னாள். கடைசி நான்கு மட்டும் அவள் மனதில் தங்கியதே இல்லை. பள்ளியிலும் கிளினிக்கிலும் அவன்தான் பக்கத்தில் நின்று சொல்லுவான்.

“இருங்கய்யா, போட்டோஸ்டேட் வச்சிருக்கேன்.”

கைப்பையைத் துழாவினாள். கோப்ரல் காத்திருக்கவில்லை; வேறெதையும் பார்க்காமல் கீபோர்டில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மடித்த நகல் அவள் கையில் அகப்பட்டபோது அறிக்கை அச்சாகி வெளியே வந்துவிட்டது.

“சைன் பண்ணுங்கம்மா” என்று பேனாவை நீட்டினார்.

அறிக்கையில் மகனின் எண் முழுதாக இருந்தது. நகலைப் பிரித்து, விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். ஐந்து, எட்டு, மூன்று, ஏழு. நான்கும் சரி.

அந்த விரலையே பார்த்திருந்த கோப்ரல், நீட்டிய பேனாவை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“தனியாவா வந்தீங்கம்மா?”