அடிக்காத குழாய்

சமையலறைக் குழாயில் டெஸ்டரை வைத்ததும் அதற்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

மின் பரிசோதகர் வீட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வைக்கே அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. டெஸ்டர் டூப்ளிகேட் என்றான்.

அவர் அதை ஜன்னல் கம்பியில் வைத்துக் காட்டினார். எரியவில்லை. மறுபடி குழாயில் வைத்தார். எரிந்தது.

அவன் தன்னுடைய டெஸ்டரைத் தேடி எடுத்து வந்தான். அதுவும் எரிந்து தொலைத்தது.

காரணத்தை அவர் பொறுமையாகவே சொன்னார். வீட்டின் எர்த் வயரை அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். மண்ணுக்குள் போன அந்தக் குழாயை யாரோ பாதியில் அறுத்து பிளாஸ்டிக் போட்டுவிட்டார்கள். ஹீட்டரிலிருந்து கசிகிற கரண்ட் இறங்க வழியில்லாமல் மேலே இருக்கிற குழாயிலேயே நிற்கிறது.

யாரோ இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தபோது, அவனேதான் ஆள் வைத்து மாற்றினான். அதையெல்லாம் அவன் ஏன் சொல்லப்போகிறான்?

மாடிக்குத் தனி மின் இணைப்பு கேட்டு இந்த ஆளை வரவழைத்ததும் அவன்தான். சும்மா கிடந்திருக்கலாம்.

அரை நாள் வேலைதான், சரிசெய்துவிட்டால் இணைப்புக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இருந்த குறையை எழுதித்தான் ஆகவேண்டும் என்றார் அவர்.

இணைப்பே வேண்டாம், எழுதாமல் கிளம்புங்கள் என்றான். அவர் பேனாவை எடுத்ததும் குரல் ஏறியது. மேலதிகாரியைத் தெரியும் என்றான். வேலைக்கே உலை வைத்துவிடுவேன் என்றான். இத்தனை வாய் கிழியப் பேசியவன் அந்தக் குழாயை மட்டும் தொடவில்லை. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவியவன் இல்லை.

"ஈரக்காலோட தொட்டா ஆளையே தூக்கிடும் சார். வீட்டுல யாருக்கும் சுரீர்னு இழுத்ததில்லையா?"

"ஒன்பது வருஷமா ஒருத்தருக்கும் இல்ல," என்றான் அவன்.

"எனக்கு இழுக்குதுங்க." கதவோரம் நின்றிருந்த அவன் மனைவி. "வந்த நாள்லேருந்து தினமும்."

இவள் இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நான்கு மாதமும் இதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அவன் முறைத்தான். அந்த முறைப்புக்கு எப்போதும் உள்ளே போய்விடுகிறவள் இன்று நகரவில்லை.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று பரிசோதகர் கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள்.

அவனுக்குப் பதில் தெரியும். இவளுக்கு முன்னால் இங்கே இருந்தவளும் இதையேதான் சொன்னாள். குழாய் அடிக்கிறது என்று அழுதாள். காலில் செருப்பில்லாமல் பாத்திரம் தேய்க்க மாட்டேன் என்றாள். டாக்டர், மாத்திரை, கடைசியில் கோர்ட். குழாய் தன்னை அடிப்பதாகச் சொல்கிறவளை நம்பிப் பச்சைப் பிள்ளையை எப்படி விடுவது என்று அவனுடைய வக்கீல் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று முடிவாகி, மகளை அவனிடமே கொடுத்துவிட்டார்கள்.

பரிசோதகர் எழுதத் தொடங்கினார்.

"அதுல ஒரு காப்பி எனக்கும் வேணுங்க," என்றாள் அவள். "அந்த அக்காவுக்குக் குடுக்கணும்."