2011-க்கு ஒரு பத்தி

பவளம் என் வீட்டுக்கு வந்தபோது, குழுவின் வரலாற்றில் 2010-ஐ எழுதி முடித்திருந்தேன்.

எங்கள் 'சங்கு நாடகக் குழு'வுக்கு இது இருபத்தைந்தாவது வருடம். ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த ஐந்து பேர் ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்ததும் யூனிபாரத்தோடு தெருவில் நின்று நடிப்போம். கர்நாடக எல்லையோரத் தளிக்குப் போனால் அதே நாடகத்தைக் கன்னடத்தில் போடுவோம்.

ஆண்டு மலருக்கு வரலாறு எழுதுவது செயலாளரான என் பொறுப்பு.

பவளம், எங்களில் ஒருவனான கருப்பசாமியின் மனைவி. விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அவன் இறந்து மூன்று வருடமாகிறது.

2011-இல் எங்கள் ஐவரில் மூத்தவரான கங்கப்பன் ஒரு நாடகம் எழுதினார். பிரஸ் மெஷினில் நான்கு விரல்களை இழந்த ஒருவனின் கதை. எங்கள் கம்பெனியில் நடந்ததுதான்.

மேடையேறுவதற்கு முதல் நாள் அதன் கைப்பிரதி மேனேஜர் மேசையில் இருந்தது. நாடகம் நின்றது. கங்கப்பனுக்கு வேலை போனது.

அந்த வாரம் கருப்பசாமி மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததை யாரோ பார்த்திருந்தார்கள். லீவு கேட்கப் போனதாகச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பிறகு அவன் கம்பெனியில் இருந்த பத்து வருடமும் கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிட்டான்.

பவளம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவுக பேரு மலர்ல வராட்டியும் பரவால்ல. காட்டிக்குடுத்ததை மட்டும் எழுதிராதீக. மக பிரியாவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்."

நான் எழுத நினைத்திருந்த வரியைச் சொல்லிக் காட்டினேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால் அவ்வாண்டு நாடகம் நடைபெறவில்லை.'

அவள் முகம் தெளிந்தது.

"சாகுற வரைக்கும் நான் செய்யலைன்னுதான் சொன்னாக. கூட நடிச்ச அத்தனை பேருமா பொய் சொல்லுவாகன்னு நாந்தான் அவுக பேச்சை நம்பலை. ஆனா சாவுக்கு நீங்க ஒருத்தர்தாண்ணே வந்தீக."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

நானும் பின்னாலேயே வாசல்வரை போனேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கைப்பிரதியைக் கொடுத்தது நான் என்று. பத்து வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்த என்னைப் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொன்னார், சொன்னபடி அடுத்த மாதமே ஆக்கினார் என்று.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வெயிலா இருக்குது, ஆட்டோ கூப்புடட்டுங்களாம்மா?" என்றேன்.