ஒன்பது நிமிடக் கூட்டம்

ஆபீஸ் அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. எல்லாவற்றையும் வராந்தாவுக்குத் தள்ளியிருந்தார்கள்.

பாய்லர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்த சங்கிலிபூதத்தான் சுவரோரமாக நின்றுகொண்டார். தோளில் கிடந்த துண்டில் உமிச்சாம்பல் ஒட்டியிருந்தது.

"இனி இப்படித்தான். நின்னுக்கிட்டே பேசணும், ஆளுக்கு ஒரு நிமிசம். நான் கடைசியாத்தான் வாயைத் திறப்பேன்" என்றார் முதலாளி முகம்மது சுல்தான்.

திருநெல்வேலியில் ஆலைக்காரர்களுக்காக நடந்த ஒருநாள் வகுப்பில் அவர் கற்றுக்கொண்டு வந்தது அது. முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி, மனதில் இருப்பது வெளியே வராது என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதில் தப்பில்லை. அம்பாசமுத்திரம் சாலையில் இருந்த அந்த அரிசி ஆலையில் இதுவரை சனிக்கிழமைக் கூட்டம் என்றால் முதலாளி இரண்டு மணி நேரம் பேசுவார். இரண்டு தடவை டீ வரும். ஒன்றும் முடிவாகாது.

இன்றைக்குப் பேச ஒரே ஒரு விஷயம்தான். பிசானப் பருவ அறுப்பு முடிந்து மூட்டை மூட்டையாக நெல் வந்து குவிந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் நெல் அவிக்கிற பாய்லரைப் பத்து நாள் நிறுத்திப் பழுது பார்ப்பதா, பங்குனி முடிகிறவரை இப்படியே ஓட்டுவதா?

பதில் சங்கிலிபூதத்தானுக்குத் தெரியும்.

ஆவி மிஞ்சினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வு ஒரு மாதமாகத் திறக்கவில்லை. அவர்தான் கம்பியால் தட்டித் தட்டித் திறந்துகொண்டிருந்தார். தட்டியும் திறக்காத நாள் ஒன்று வரும். அன்றைக்குப் பாய்லர் இருக்காது, பக்கத்தில் நிற்கிறவர்களும் இருக்க மாட்டார்கள்.

போன வாரமே முதலாளி காதில் மெல்லப் போட்டுவைத்தார். "கூட்டத்துல வச்சுச் சொல்லும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் இன்று வந்திருந்தார்.

களத்தில் நெல் காயப்போடும் இருபத்திரண்டு பெண்களுக்குத் தலைவியான மைதீன் பாத்திமா முதலில் பேசினாள்.

"ஓட்டுங்க முதலாளி. பிசானத்துல நிறுத்தினா பிள்ளைகுட்டி என்னத்தத் திங்கும்?"

டைப்பிஸ்ட் லில்லி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஓட்டலாம் சார்."

கேரளத்துக்குப் போக வேண்டிய லோடு நின்றுவிடும் என்றார் மேனேஜர் குமரகுருபரன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"போன வருசமும் நாலு நாள் நிறுத்த வச்சீரு. பூதத்தான்னு பேரை வச்சுக்கிட்டு ஆவிக்குப் பயப்படுதீரே, வே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

போன வருடம் வந்து பார்த்த மெக்கானிக், பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கைவிட்டுப் போன நாலு நாள் கூலிக்காக மைதீன் பாத்திமா இரண்டு மாதம் சங்கிலிபூதத்தான் முகத்தில் விழிக்கவில்லை.

"நீரு சொல்லும், பூதத்தான்" என்றார் முதலாளி.

அவர் வாயைத் திறந்தார். பாத்திமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டலாம் முதலாளி. நான் பாத்துக்கிடுதேன்."

முதலாளி சற்று நேரம் காத்திருந்தார், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல. வரவில்லை.

"எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லிட்டிய. இனி நான் என்னத்தச் சொல்ல?"

'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று லில்லி எழுதினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது.

புது ஏற்பாட்டில் டீ கிடையாது. கேட்டுக்கு எதிரே உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

முன்வாசலில் இறங்கி, பாய்லர் அறைச் சுவரை ஒட்டி இருபது அடி நடந்தால் கேட். ஆலை தொடங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் அதுதான் வழி.

லில்லி பின்வாசல் வழியாக இறங்கினாள்.

அந்தப் பக்கம் நெல் காயும் சிமெண்டுக் களம். நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பதினொரு மணி வெயிலில் குதிகாலால் நடந்து களத்தைச் சுற்றிக் கேட்டுக்குப் போனாள்.

அவளுக்குப் பின்னால் குமரகுருபரன். பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாய்லர் அறைச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பாத்திமா அதட்டும் சத்தம் கேட்டது. "அங்கன என்னட்டீ இருப்பு? எந்திரிச்சு இங்கன வாங்க!" அவள் நின்ற இடத்தில் துளி நிழல் இல்லை.

கடைசியாக முதலாளி. களத்து விளிம்பில் நின்று குனிந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தபோது, முன்வாசலில் நின்ற சங்கிலிபூதத்தான் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு சுடுகளத்தில் இறங்கினார்.

சங்கிலிபூதத்தான் சுவரை ஒட்டித் தனியாக நடந்து பாய்லர் அறைக்குள் போனார்.

அடுப்புக்குப் பக்கத்தில் உமி மலையாகக் குவிந்து கிடந்தது. அதை அவர் தொடவில்லை. நீளக் கம்பியை உள்ளே விட்டு, தணலையெல்லாம் வெளியே இழுத்துப் போடத் தொடங்கினார். தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

புகைபோக்கியில் புகை நின்றது. கேட் வரைக்கும் அது தெரியும்.

மத்தியானம்வரை அவர் படியில் உட்கார்ந்திருந்தார். ஏன் நிறுத்தினீர் என்று கேட்க ஒருவரும் வரவில்லை.