நவநாள் புதுமை

"லேசரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வியாழக்கிழமை நான் வரலைன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார் நிக்கானோர்.

அவர் மனைவி எலோடியா டாக்டர் சீட்டை மடித்து வைத்தாள். எல்லாம் எவாரிஸ்தோவால் வந்த வினை. திருவிழாவில் புனிதரின் சுரூபம் தூக்கும் சபைக்குத் தலைவர் அவர். பூசை முடிந்து, கோயில் வாசலில் ரெண்டு கோப்பை அத்தோல் கஞ்சியைக் குடித்துவிட்டு, அசையாமல் நின்று சாட்சி சொன்னார். நிக்கானோரைப் போலவே புராஸ்டேட் வீங்கி அடிக்கடி ஒன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தவராம். புனித யூதா ததேயுவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம், அதோடு சுகமாம்.

"விசுவாசம் இல்லாதவன்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான்" என்றார், பூசை நடுவிலேயே எழுந்து வெளியே ஓடுகிற நிக்கானோர்.

நவநாள் ஆரம்பித்தது. எலோடியாவும் கூடவே முழங்கால் போட்டாள். ஏழாம் நாள் அவருக்குச் சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. அப்போதும், ஒன்பது நாள் முடியட்டும் என்று கட்டிலைவிட்டு அசைய மறுத்தார்.

எலோடியா எவாரிஸ்தோவின் மனைவி ஹசிந்தாவிடம் ஓடினாள். எந்த ஜெபம் என்று சொல்லுங்கள் அக்கா என்று அழுதாள்.

ஹசிந்தா கதவைச் சாத்தினாள்.

"ஜெபமும் பண்ணினோம், ஷேலா பட்டணத்துக்குப் போய் லேசரும் பண்ணினோம். வயித்தைக் கிழிக்கிற வேலையே இல்ல. வெளியே தெரிஞ்சா ஆம்பளைங்க கேலி பண்ணுவாங்கன்னு மறைச்சிட்டார்."

"கோயில் வாசல்ல பொய்யா? நீங்களும் பாத்துக்கிட்டுதானே நின்னீங்க அக்கா?"

ஹசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

எலோடியா வீட்டுக்கு ஓடி வந்து உண்மையைச் சொன்ன பிறகுதான் நிக்கானோர் ஷேலாவுக்குக் கிளம்பினார். குழாய் போட்டு நீரை இறக்கி, பிறகு லேசர் செய்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம், "அவன் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்தறேன் பாரு" என்று பொருமினார்.

உடம்பு தேறிக் கோயிலுக்குப் போன ஞாயிறு, பூசை முடியும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் சபையார் சூழ்ந்துகொண்டார்கள். எப்படிச் சுகமாச்சு என்று கேட்டார்கள். எவாரிஸ்தோ தரையைப் பார்த்தார்.

நிக்கானோர் தொண்டையைச் செருமினார். ரெண்டாவது கோப்பை அத்தோலை வாங்கிக்கொண்டார்.

"நவநாள்தான். வேறென்ன?"

"ஆமென்" என்றார் எவாரிஸ்தோ, சத்தமாக.

ஓரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த செபெரீனோ, உடனே சட்டைப் பையில் ஜெபமாலையைத் துழாவினார்.

எலோடியா மெல்ல நழுவி செபெரீனோவின் மனைவியைத் தேடிப் போனாள்.

அங்கே ஹசிந்தா முன்னாலேயே வந்து, ஷேலாவுக்கு எந்த பஸ், ஆஸ்பத்திரியில் எந்த மாடி என்று அவள் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வா எலோடியா" என்றாள். "சாட்சிக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லது."