ஐந்தாவது டிரைவர்

“பஸ் டிரைவருக்கெல்லாம் ரேங்க் போடறது ஒரு பாடமா?” எட்டாம் வகுப்பு விடைத்தாள்களை மேஜைமேல் வீசினார் பள்ளிச் செயலாளர் பூவராகவன். பகலில் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. யாரையாவது நிற்க வைத்துத் திட்டாவிட்டால் அவருக்குச் சாயங்காலக் காபி இறங்காது.

இன்று நின்றவள் ராஜம் டீச்சர். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. இப்போது நிரந்தர இடம் ஒன்று காலி. ஐந்து டீச்சர்களைத் தரம் பிரித்துச் செயலாளர் போட்ட பட்டியல் திங்கட்கிழமையே நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டது. அதைப் பார்த்த பிறகும் அவள் வந்து அழவில்லை என்பதில் அவருக்கு எரிச்சல்.

ஹீட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்த தலைவர் பாலசுப்ரமணியம், அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

“வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வரிசை குடுப்பேன் சார்,” என்றாள் ராஜம். “அது சரியா தப்பான்னு பசங்களே யோசிச்சு, காரணத்தோட மாத்தி எழுதணும்.”

“யோசிக்கறதாம்! தமிழே தகராறு, இதுங்க யோசிச்சுக் கிழிக்கப்போறதா?” கேள்வித்தாளை எடுத்துத் தலைவருக்குக் கேட்கும்படி படித்தார். “முதல் டிரைவர், லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம், ரெண்டு தடவை இடிச்சவன். அஞ்சாவது டிரைவர், பதினோரு வருஷம், வண்டியில ஒரு கீறல் கிடையாது.”

“பசங்க போட்ட வரிசையா இது?” என்றார் தலைவர்.

“இல்லை சார், நான் குடுத்தது. நாப்பது பேரும் அஞ்சாவது ஆளை முதல்ல கொண்டுவந்துட்டாங்க.”

“பின்னே? இந்த லட்சணத்துல லிஸ்ட் போட்டவன் சுத்த மடையன்!” செயலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இல்லைன்னா முதல் டிரைவர் அவனுக்குச் சொந்தக்காரனா இருக்கணும். என் ஆபீஸா இருந்தா ஜல்தி வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

“டிரைவர்னு இருக்கற எடத்துல டீச்சர்னு வச்சுப் படிங்க சார்,” என்றாள் ராஜம். “வரிசை நோட்டீஸ் போர்டுல இருக்கறதுதான்.”

சிரிப்பு பாதியில் நின்றது. தலைவர் தன் முன்னால் இருந்த பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு பேனாவை மூடினார்.

“உங்க மச்சினி வேலைக்குச் சேந்து எத்தனை மாசம் ஆச்சு, பூவராகவன்?”